அசனத்தை மார்கழிக்கு மாற்றச் சொல்லும் நம் வெளியூர்ச் சபையாருக்கு



சென்னை, மும்பை, பெங்களூர், துபாய், சிங்கப்பூர் என்று பல ஊர்களில் இருக்கும் நீங்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்பிய விண்ணப்பத்தை, போன ஞாயிறு அறிவிப்புகளோடு சேர்த்து சபை ஐயர் வாசித்தார். வாசித்து முடித்ததும் கோயிலுக்குள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நம்ம சபையில் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். வெளியே வந்து வேப்பமரத்தடியில்தான் எல்லாரும் பேசினார்கள். அங்கே பேசியதில் பாதியை எழுத்தில் கொண்டுவர முடியாது. மீதியையாவது பதமாக எழுதி அனுப்புங்கள் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தார் என்னிடம் ஒப்படைத்தார்கள். உங்களில் பாதிப் பேருக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவள் என்பதால், கொஞ்சம் கடுத்துச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

ஆடிக் கடைசியில் வரும் பிரதிஷ்டைப் பண்டிகையையும், ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனத்தையும் டிசம்பர் 27க்கு மாற்ற வேண்டும் என்கிறீர்கள். தையில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தையும் அதே வாரத்துக்குக் கொண்டுவந்து, வர முடியாதவர்கள் கைப்பேசியில் ஏலம் கேட்க வழி செய்ய வேண்டும். சமையலைக் கேட்டரிங்காரரிடம் விட்டுவிடலாம், முழுச் செலவும் உங்களுடையது. பெரிய தொகை கொடுக்கும் குடும்பங்களுக்குப் பள்ளிக்கூட ஹாலில் மேசை போட்டுத் தனிப் பந்தி. ஈஸ்டர் விடியற்கால ஆராதனையை நேரலையில் காட்ட வேண்டும்.

கடைசியாகக் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். நேரலை காட்டலாம். இங்கேயே கட்டிலோடு கிடக்கும் பெரியவர்களுக்கும் அது உதவும். கல்லறைத் தோட்டத்தில் கேமராவை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள். மற்ற நாலும்தான் பேச்சு.

ஊரை விட்டுப் போனதைக் குறையாகச் சொல்ல இதை எழுதவில்லை. போனது உங்களோடு தொடங்கியதும் இல்லை. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் எழுந்தபோதே நம்ம பக்கத்துச் சனம் கடல் தாண்டிப் போயிற்று. 1854இல் அந்தத் தோட்டத் தமிழருக்காக ஒரு மிஷன் தொடங்கியபோது நெல்லைச் சீமையிலிருந்து உபதேசிமாரும் பின்னாலேயே போனார்கள். அதற்கும் முன்னால் பாருங்கள். 1799இல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முதலூரை ஏற்படுத்தியதே, சொந்த ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்ட விசுவாசிகளைக் குடிவைக்கத்தான். 1830இல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் தர்ம சங்கம் தொடங்கியதும் அப்படிப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கத்தான். இந்தத் தேரிக்காட்டுக் கிறிஸ்தவ ஊர்களில் பல, வேறெங்கோ இருந்து வந்தவர்கள் கோயிலை நடுவில் வைத்துக் கட்டிய ஊர்கள். ஆகையால் ஊர் மாறிப் போவது நமக்குப் புதிதல்ல. ஊர் மாறிப் போனவர்களின் லீவுக்குத் தக்கபடி பண்டிகை நகர வேண்டும் என்பதுதான் புதிது.

விண்ணப்பத்தில் ஒரு வாதம் நன்றாக இருந்தது. யார் எழுதியது என்று எழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன், ஒற்று மிகும் இடம் இன்னும் அவனுக்குப் பிடிபடவில்லை. பண்டிகைத் தேதிகள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல, மனுஷர் வைத்தவைதானே, மனுஷர் மாற்றினால் என்ன என்று கேட்டிருக்கிறான். அவன் சொல்வது சரி. அவனுக்குத் தெரிந்ததைவிட இன்னும் அதிகமாகச் சரி.

பெரிய வெள்ளி அன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிறோமே, அது நம்ம சீர்திருத்தச் சபைகளில் பிறந்த ஆராதனை இல்லை. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில், பெரு நாட்டு லீமா நகரத்தில், ஒரு பூகம்பத்துக்குப் பிறகு இயேசு சபைக் குருவானவர் ஒருவர் தொடங்கியது. ஈஸ்டர் அன்று இருட்டோடு எழுந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போவது 1732இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில், மொரேவியச் சபையைச் சேர்ந்த கலியாணமாகாத வாலிபர்கள் ஆரம்பித்த பழக்கம். புது வருஷத்தில் நாம் எடுக்கும் உடன்படிக்கை ஆராதனை ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் நடத்தியது. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் மற்றவர்களும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது அந்தச் சொத்தில் நமக்கும் பங்கு வந்தது. இப்போது நடப்பது போன்ற அறுப்பின் பண்டிகையோ, 1843இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் மோர்வென்ஸ்டோ என்ற சின்ன ஊரில் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்ற குருவானவர் தன் சபையாரைக் கூப்பிட்டு நடத்தியதிலிருந்து பரவியது. லீமா, ஹெர்ன்ஹூட், லண்டன், கார்ன்வால். நம்ம ஊர்ப் பண்டிகை என்று நாம் பெருமையடிப்பதில் பாதி இப்படிக் கப்பலேறி வந்தது.

வந்ததை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. ஹாக்கர் பண்டிகை வைத்தது அக்டோபர் முதல் தேதி. அவர் ஊரில் அப்போது கோதுமை அறுத்து முடிந்திருக்கும். நம்ம ஊரில் அக்டோபரில் என்ன இருக்கும்? ஐப்பசி மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். விதைக்கிற காலத்தில் அறுப்பின் பண்டிகை வைத்தால் சிரிப்பார்கள். அதனால் நம்ம பெரியவர்கள் அதைத் தைக்குத் தள்ளினார்கள். வடகிழக்குப் பருவமழையில் விளைந்த கம்பும் உளுந்தும் பயறும் வீட்டுக்கு வந்து, ஆற்றுப் பாசனத்துப் பக்கம் பிசான நெல்லும் முற்றிவரும் காலம் அது.

அசனம் ஆடியில் வந்ததற்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. அது பனை போட்ட கணக்கு. மாசியில் சாம்பல் புதன் வரும்போது பாளை வந்துகொண்டிருக்கும். லெந்து நாட்களிலேயே பனையேற்றம் சூடு பிடித்துவிடும். காலையும் சாயங்காலமும் ஏறி இறங்க வேண்டும். இறக்கிய பதநீர் யாருக்காகவும் காத்திருக்காது, அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். குடும்பம் குடும்பமாகப் பனை விளைக்குள்ளேயே விடிலி என்னும் குடிசை போட்டுத் தங்கிவிடுவார்கள். கோயில் வெறிச்சோடிப்போகும். குளிர் நாடுகளில் லெந்து என்பது பனிக்காலத்துச் சேமிப்பெல்லாம் தீர்ந்து, கையில் ஒன்றும் இல்லாத மாதங்களில் வந்தது. அங்கே உபவாசம் பாதி தானாகவே நடந்தது. நமக்கோ வருஷத்திலேயே வரவு தொடங்கும் காலம், உடம்பு முறியும் காலமும் அதுவே. பெரிய வெள்ளி மும்மணி தியானத்துக்கு உட்காரும் ஆணின் நெஞ்சில் பனைமரம் தேய்த்த காய்ப்பு இருக்கும், பெண்ணின் சேலையில் கருப்பட்டிப் புகை இருக்கும். அந்த வாசனையோடுதான் நாங்கள் சிலுவைத் தியானம் கேட்டு வளர்ந்தோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது வாத்தியார் புத்தி. ஈஸ்டர் ஏன் ஒவ்வொரு வருஷமும் தேதி மாறுகிறது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்று சொல்லிக்கொடுங்கள். அதனால்தான் அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எங்காவது விழுகிறது. அநேகமாக எல்லா வருஷமும் அது நம்ம பங்குனி நிலா. நம்ம ஊரில் பெரிய வியாழன் இரவு கோயிலிலிருந்து திரும்பும்போது டார்ச் தேவைப்படாது. உங்கள் ஊர்களில் தெருவிளக்கு இருப்பதால் இதைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஆடியில் பனைப்பாடு முடியும். கருப்பட்டி விற்ற காசு கைக்கு வரும். விளையிலிருந்து குடும்பங்கள் ஊருக்குத் திரும்பும். பல மாதம் முகம் பார்க்காத சனம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்காக வைத்ததுதான் அசனம். தலைக்கட்டு வரி கொடுக்கவும் அப்போதுதான் முடியும். தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்த பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வருகிற பழக்கம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் வயிறு நிறைய ஒரு நாள் சாப்பிட வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

உடனே கேட்பீர்கள்: ‘டீச்சர், இப்போது பனையேறுகிறவர்கள் எத்தனை பேர்? விடிலி எங்கே இருக்கிறது?’ நியாயம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வந்துவிட்டது, ஏற ஆள் இல்லை. நம்ம சபையில் இப்போது பனைக்குப் போகிறவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ஆகவே பனை போட்ட கணக்கு தீர்ந்துபோயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானாலும் ஆடியை விட மாட்டோம் என்பதற்கு இப்போது வேறு காரணம் இருக்கிறது. அது பனையைவிடப் பெரிய காரணம்.

பெந்தெகொஸ்தே முடிந்தால் ஆகமன காலம் வரை அரை வருஷம் கோயிலில் பச்சை விரிப்புதான். பண்டிகை இல்லை, பவனி இல்லை. பெந்தெகொஸ்தேக்குப் பின் வரும் இத்தனையாம் ஞாயிறு என்று எண்ணிக்கொண்டே போவோம். நீங்கள் ஊரில் இருக்கும்போது அந்த ஞாயிறுகளைப் பார்ப்பதில்லை. நீங்கள் பார்ப்பது 24ஆம் தேதி இரவிலிருந்து புது வருஷ ஆராதனை வரைக்கும் உள்ள சபை. சீரியல் லைட்டும் புதுச் சேலையும், பெஞ்சு போதாமல் வெளியே பந்தல் போட்ட கூட்டமும். பச்சை விரிப்பு ஞாயிறுகளில் வந்து பாருங்கள். பாடகர் குழுவில் ஆண் குரல் இரண்டு. அதில் ஒன்று கோயில்பிள்ளை, மணியடித்துவிட்டு ஓடிவந்து பாட வேண்டும். ஓய்வுநாள் பள்ளியில் எல்லா வகுப்பையும் ஒரே வகுப்பாக்கிவிட்டோம். போன வருஷம் ஒரு பெரியவர் தவறியபோது குழி வெட்ட வாலிபர் சங்கத்தில் ஆள் இல்லை. பக்கத்து ஊரிலிருந்து ஜேசிபி கூப்பிட்டோம். அது வந்து வெட்டிவிட்டது, சீக்கிரமாகவே வெட்டிவிட்டது. ஆனால் மண்வெட்டியோடு நாலு பையன்கள் குழிக்குள் இறங்கி, செத்தவரைப் பற்றிப் பழங்கதை பேசிக்கொண்டே வெட்டுவார்களே, அந்தப் பேச்சு அந்த வீட்டுக்குக் கிடைக்காமல் போயிற்று.

இந்தப் பச்சை மாதங்களுக்கு நடுவில் எங்களைத் தூக்கி நிறுத்துவது ஆடி அசனம் ஒன்றே. அதையும் எடுத்து டிசம்பரில் வைத்தால் உங்கள் ஒரு வாரம் இன்னும் கொழுக்கும். மீதி வாரங்களில் இங்கே இருப்பவர்களுக்கு மிஞ்சுவது என்ன?

சமையல் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் கேட்டரிங்காரர் நன்றாகச் சமைப்பார் என்று எனக்கும் தெரியும். நம்ம ஊர் ஆட்களைவிட நன்றாகவே சமைப்பார். நம்ம அசனச் சோறு சில வருஷம் குழைந்துபோகும், சில வருஷம் அடியில் பிடிக்கும். ஆனால் அசனத்தின் ருசி பந்தியில் இல்லை, முந்தின இரவில் இருக்கிறது. ஆடி தொடங்கியதும் விறகுக்கு அலைவார்கள். வீடு வீடாக அரிசி சேரும். வருஷம் முழுக்க உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டு வைத்த பிடி அரிசியும் அதில் இருக்கும். (கேரளத்திலும் இந்தப் பழக்கம் உண்டு. மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபையில் இதே கைப்பிடி அரிசியில்தான் எத்தனையோ மிஷனெரிகளைத் தாங்குகிறார்கள். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்கள் வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்று துணிந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட கைகள் இருந்தன.) கிடாரமும் அண்டாவும் கோயில் களஞ்சியத்திலிருந்து வெளியே வந்து புளி போட்டுத் தேய்க்கப்படும். முந்தின நாள் சாயங்காலம் காய் வெட்ட உட்காருவோம்.

காய் வெட்டும் இடத்தில் நம்ம ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு, உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது, ஏனென்றால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்களை மூப்பர் வேண்டுமென்றே ஒரே சாக்கில் உட்காரவைப்பார். வேலித் தகராறு, பாகப்பிரிவினைத் தகராறு, கலியாணத்தில் சரியாகக் கூப்பிடவில்லை என்ற தகராறு எல்லாம் அந்தச் சாக்குக்கு வரும். நடுவில் ஒரு குவியல் கத்தரிக்காய். ராத்திரி முழுக்க எவ்வளவு நேரம்தான் பேசாமல் வெட்ட முடியும்? ‘அந்த அரிவாள்மணையை இங்கே தள்ளு’ என்றாவது சொல்லியாக வேண்டும். எத்தனையோ வழக்கு அந்த ஒரு வார்த்தையில் முடிந்திருக்கிறது. முடியாததும் உண்டு. அடுத்த வருஷம் மறுபடி அதே சாக்கு. ஐயர் பத்துப் பிரசங்கத்தில் சாதிக்காததைக் கத்தரிக்காய் சாதிக்கும் என்று சொன்னால் அவர் என்னைக் கோபிக்க மாட்டார், அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்டரிங்காரர் காயை வெட்டிப் பையில் கட்டிக் கொண்டுவருவார். அந்த இரண்டு வீட்டையும் நாங்கள் எந்தச் சாக்கில் உட்காரவைப்பது?

இனித் தனிப் பந்தி. இதை மட்டும் நான் பதமாகச் சொல்லப் போவதில்லை. நம்ம சபைகளின் கதையில் பந்தி என்பது லேசான விஷயம் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை அறவே விட்டுவிட வேண்டும் என்று மடல் அனுப்பியபோது, தஞ்சாவூர்ப் பக்கம் அதை ஏற்க மாட்டாமல் எத்தனையோ பேர் சபையை விட்டே போனார்கள். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுப்பதிலும் பக்கத்தில் உட்காருவதிலும் அவ்வளவு பேருக்கு மனத்தடை இருந்தது. நம்ம ஊர் மட்டும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். என் சின்ன வயசில் கீழத்தெருச் சனம் அசனத்தன்று கோயில் மதிலுக்கு வெளியே பாத்திரத்தோடு நின்று வாங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து சாப்பிட அவர்களைக் கூப்பிட வேண்டும் என்று அப்போது இருந்த உபதேசியார் ஒருவர் பிடிவாதம் பிடித்தார். அந்த வருஷம் சில வீடுகள் வரி கொடுக்கவில்லை. அசனம் நடந்தது. சாப்பாடு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அப்படிக் கிடைத்த ஒரே பந்தி இது. இன்றைக்கு ஊரில் இருக்கும் இந்துச் சகோதரர்களும் முஸ்லிம் வியாபாரிகளும் வந்து அதே தரையில், அதே இலையில் சாப்பிடுகிறார்கள். சாதி கேட்டுப் பிரித்த பந்தியை மூடிவிட்டு, ரசீது பார்த்துப் பிரிக்கும் பந்தியைத் திறக்கச் சொல்கிறீர்களா? முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி போடுவோம். அதற்கு ரசீது வேண்டாம், முழங்காலைக் காட்டினால் போதும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றி எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அதை ஒளிக்கவில்லை. ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போவதும், வாங்கினவர் பெயரை மைக்கில் மூன்று தரம் சொல்வதும் எனக்கு உவப்பு இல்லை. அந்த மைக்கை நிறுத்த வேண்டும் என்று கமிட்டியில் நானே பேசித் தோற்றேன், மறுபடியும் பேசுவேன். ஆனால் ஏலத்தில் இன்னொன்றும் நடக்கிறது. விதவை ஒருத்தி தன் கொல்லையில் காய்த்த ஒரே பூசணிக்காயைக் கொண்டுவந்து பலிபீடத்தின் முன் வைக்கிறாள். சந்தையில் அதற்கு நாற்பது ரூபாய் கிடைக்கும். ஏலம் கூறுகிறவர் அதைத் தலைக்கு மேல் தூக்கி, அதன் நிறம், பருமன், அது காய்த்த கொடி எல்லாவற்றையும் வாய் ஓயாமல் புகழ்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். கூட்டத்தில் நிற்கும் அவள் முகத்தைப் பாருங்கள். வருஷம் முழுக்க அவள் விளைவித்ததை ஒருவரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. வாங்கினவர் அதைத் திரும்பவும் கோயிலுக்கே கொடுக்க, இரண்டாம் தரம் ஏலம் போகும். கைப்பேசியில் நடக்கும் ஏலத்தில் அந்தப் பூசணிக்காய் ஒரு சின்னப் படமாக வரும். நீங்களும் பெரிய தொகை போடுவீர்கள், சந்தேகமே இல்லை. அவளுக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கும் அவளைத் தெரியாது.

லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பஸ்கா, முதற்பலன் கதிர்க்கட்டு, வாரங்களின் பண்டிகை என்று வரிசையாகப் பண்டிகைகளைச் சொல்லிக்கொண்டே வரும்போது, நடுவில், 22ஆம் வசனத்தில், பண்டிகையோடு சம்பந்தமே இல்லாதது போல ஒரு கட்டளை வருகிறது. வயலை ஓரம் வரைக்கும் வழித்து அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவை என்று. அதற்குப் பிறகு மறுபடி பண்டிகை வரிசை தொடர்கிறது. அறுப்பில்லாத மாதத்தில் அறுப்பின் பண்டிகை வைத்தால் அந்த வசனத்தை எங்கே பொருத்துவது? மார்கழியில் இங்கே வயல் பச்சையாக நிற்கும். பலிபீடத்தின் முன் வைக்க வேண்டியதை நாசரேத் மார்க்கெட்டில் வாங்கித்தான் கொண்டுவர வேண்டும். அதற்குக் காசாகவே காணிக்கைப் பையில் போட்டுவிடலாம்.

கேரல் ரவுண்ட்ஸைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மழைத் தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு, ஆர்மோனியத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறோம். பூட்டின வீடுகள் வருஷத்துக்கு வருஷம் கூடுகின்றன. பூட்டின வீட்டைத் தாண்டிப் போகலாமே என்று ஒரு பையன் கேட்டான். தாண்ட வேண்டாம், ஒரு சரணமாவது பாடிவிட்டுப் போவோம் என்று முடிவெடுத்திருக்கிறோம். நீங்கள் 23ஆம் தேதி இரவு வந்து இறங்கும்போது உங்கள் வீட்டு வாசலில் அது முடிந்திருக்கும். கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட மட்டும் ஆள் பஞ்சம் இல்லை. அந்த வேஷத்துக்கு ஊரில் இப்போதும் போட்டி.

சரி, ‘எல்லாவற்றுக்கும் முடியாது என்று சொல்கிறீர்களே, எங்களுக்கு இந்தச் சபையில் இடமே இல்லையா’ என்று வருத்தப்படாதீர்கள். டிசம்பர் 27 உங்களுக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் குடும்ப ஐக்கியக் கூட்டம் என்று வைத்து, உங்கள் கேட்டரிங்காரரையே கூப்பிடுங்கள், பிரியாணி போடுங்கள், ஊரை அழையுங்கள், நாங்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒரு நாளாவது பாத்திரம் தேய்க்காமல் சாப்பிட எங்களுக்கும் ஆசை இருக்கிறது. அதற்கு அசனம் என்று மட்டும் பெயர் வைக்க வேண்டாம்.

அதற்குப் பதிலாக நாங்கள் கேட்பதைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளை மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அனுப்புங்கள். பத்து நாள் தாத்தா பாட்டி வீட்டில் கிடக்கட்டும், நுங்கு தின்னட்டும், தமிழில் வசனம் படிக்கட்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஒரு லெந்து காலம் முழுக்க ஊரில் வந்து இருங்கள். பூட்டின வீடு திறக்கும், புதன்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு பெஞ்சு நிறையும். பேஸ் குரல் உள்ளவர்கள் இரண்டு பேர் ஆறு மாதத்துக்கு ஒரு தரமாவது வந்து பாடகர் குழுவைக் காப்பாற்றுங்கள். சென்னையிலும் தாராவியிலும் இருப்பவர்கள், அங்கே எந்தச் சபைக்குப் போகிறீர்களோ அந்தச் சபையின் சாதாரண ஞாயிறுகளிலும் தவறாமல் போங்கள். அங்கேயும் பச்சை விரிப்பு மாதங்களில் மணியடிக்கவும் பெருக்கவும் யாரோ இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆள் பற்றாது. கேட்டரிங்குக்கென்று சேர்த்த பணத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். களஞ்சியத்தின் ஓடு இரண்டு வருஷமாக ஒழுகுகிறது, கிடாரங்கள் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டன. முதலில் அதைப் பாருங்கள்.

கமிட்டி இந்த மாதக் கடைசி ஞாயிறு கூடுகிறது. உங்கள் பதில் அதற்கு முன்னால் செயலாளருக்கு வந்தால் நல்லது. ஆடி அசனத்துக்குக் காய் வெட்டுகிறவர்கள் பட்டியலை இந்த வருஷம் முன்கூட்டியே எழுதுகிறோம். வெங்காயத்துக்குப் பத்துப் பேர் குறைகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்து சேருகிறபடி ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு பெயர் கொடுங்கள். அரிவாள்மணை இங்கே இருக்கிறது. யார் யாருடைய சாக்கில் உட்காருவது என்பதை மூப்பர் சொல்வார், அதில் மட்டும் யாரும் சிபாரிசுக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்காக,
உங்கள் டீச்சரக்கா